திருவாரூர் தந்த நீதிபதி

தியாகேசப் பெருமான் எழுந்தருளியிருக்கும் திருவாரூரிலே, திருக்கோயிலுக்கு வடகிழக்கே ஒரு கல் தேர் நிற்கின்றது. கன்றை இழந்த பசுவின் முறையீட்டைச் செவிமடுத்த மநுநீதிச் சோழன், தன் ஒரே மைந்தனைத் தேர்க்காலில் இட்ட வரலாற்றை நினைவூட்டுவது அது. சேக்கிழார் பெருமான் அடியார்களின் சரிதங்களைத் தொடங்குமுன்பே, திருநகரச் சிறப்பிலே இவ்வரலாற்றை வைத்துப் பாடினார். தொண்டர்களின் பெருமையைச் சொல்ல வந்த நூலின் வாயிலிலே ஒரு நீதிபதியை நிறுத்தியிருப்பது சிந்திக்கத்தக்கது.

1840-ஆம் ஆண்டுகளில் அந்தக் கல் தேரைக் கண்டு வளர்ந்த ஏழைச் சிறுவர்களுள் ஒருவன், பின்னாளில் சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாக அமர்ந்தான். ஊரின் பெயரையே தன் பெயரின் முதலெழுத்தாகக் கொண்டு உலகுக்கு அறிமுகமானான். ஸர் டி. முத்துஸ்வாமி ஐயர் என்று ஏடுகள் குறிக்கும் அப்பெரியாரின் பெயரில் நிற்கும் 'டி' என்பது திருவாரூரே அன்றி வேறன்று.

அவர் பிறந்தது 1832-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள். தஞ்சை ஜில்லாவில் உச்சுவாடி என்னும் சிற்றூரில். தந்தையார் வேங்கட நாராயண சாஸ்திரிகள். குடும்பம் வறுமையில் இருந்தது. அந்நிலையில் தந்தையாரும் இளம் பிராயத்திலேயே பிள்ளையை விட்டுப் பிரிந்தார். கைம்பெண்ணான தாயார், பிழைப்புக்கு வழி தேடிப் பிள்ளையுடன் திருவாரூருக்கு வந்து சேர்ந்தார். அக்காலத்துக் கைம்பெண்ணுக்கு இருந்த வழிகள் எத்துணைக் குறுகியவை என்பதைப் பெரியோர் சொல்லக் கேட்டிருப்போர் அறிவர். சொத்தும் இல்லை, துணைக்கு ஆண்மக்களும் இல்லை என்றால், உற்றார் வீட்டு அடுக்களையும் ஊரார் இரக்கமுமே கதி. அந்த நிலையிலும் அந்த அம்மையார் தம் மகன் எழுத்தறிவு பெற வேண்டும் என்னும் எண்ணத்தைக் கைவிடவில்லை.

சிறுவன் வேலைக்குப் போனான். கிராமக் கணக்கருக்கு உதவியாளாகச் சேர்ந்தான். மாதச் சம்பளம் 1 ரூபாய். அடங்கல், சிட்டா, கிஸ்து வரவு, பாக்கி என்று கணக்குகளைப் பிரதி செய்வதும், கணக்கர் ஏவும் இடத்துக்கு ஓடுவதுமே அவ்வேலை. காவிரிப் பாய்ச்சலில் வாழும் தஞ்சைத் தரணியில் நிலக்கணக்கு என்பது சாமானியமான பொருள் அன்று. எந்த வயலுக்கு எந்த வாய்க்கால், எவர் மிராசு, எவர் குத்தகை, எவர் எந்த ஆண்டு எவ்வளவு பாக்கி என்று எல்லாமே அந்தக் கணக்கில் அடங்கும். ஒரு எழுத்துப் பிழைத்தால் ஒரு குடியின் உழைப்பே பறிபோகும். பிற்காலத்தில் சிக்கலான சொத்து வழக்குகளில் ஆவணங்களை அவர் ஆராய்ந்த நுட்பத்தைக் கண்டு வியந்தோர் பலர். அப்பயிற்சி சட்டக் கல்லூரியில் தொடங்கியது அன்று. மாதம் 1 ரூபாய்ச் சம்பளத்தில் கிராமக் கணக்கு எழுதியபோது தொடங்கியது என்று கொள்வதே பொருந்தும். வேலை ஒழிந்த நேரமெல்லாம் படிப்பிலே கழிந்தது.

இந்நாட்களிலேதான் அவருக்குப் பேரிழப்பு ஒன்று நேர்ந்தது. தாயாரும் காலமானார். தந்தையை நினைவு தெளியாப் பருவத்தில் இழந்தவர், தாயைத் தெளிந்த பருவத்தில் இழந்தார். மகனுக்குக் கிடைத்த உயர்வுகளில் ஒன்றையேனும் அந்த அம்மையார் காணவில்லை. மகன் முன்சீப் ஆனதையோ, மாஜிஸ்டிரேட் ஆனதையோ, ஹைகோர்ட்டு ஜட்ஜாக அமர்ந்ததையோ காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. ஆனால் மகனோ அவரை மறந்த நாள் இல்லை. முத்துஸ்வாமி ஐயரின் வாழ்க்கையை எழுதியோர், தாயின் நினைவை அவர் தம் இறுதி நாள் வரையில் பக்தியுடன் போற்றி வந்தார் என்று கூறுவர். குடும்பப் பற்று என்பது உடனிருப்போரிடம் காட்டும் அன்பு மட்டும் அன்று. மறைந்தவர் பட்ட பாட்டை மறவாதிருத்தலும் அதன் பாற்படும். இவர் வாழ்க்கையில் அது எங்கெங்கு வெளிப்பட்டது என்பதைப் பின்னர்க் காணலாம்.

அநாதையான பிள்ளைக்கு இறைவன் வேறொருவர் உருவில் துணை வந்தான். அவர் திருவாரூரில் தாசில்தாராக இருந்த முத்துஸ்வாமி நாயக்கர். பெயர் ஒற்றுமையும் ஒரு பொருத்தமே. ஆற்றில் வெள்ளம் வந்து கரை உடைந்த செய்தி ஒரு நாள் தாசில்தாருக்கு எட்டியதாம். விவரம் அறிந்து வர உரிய குமாஸ்தா அப்போது இல்லை. எதிரே நின்ற சிறுவனை அனுப்பினார். சென்ற சிறுவன், சேதம் எவ்வளவு, அடைக்க என்னென்ன வேண்டும் என்பதை எல்லாம் கேட்டறிந்து, கேள்விக்கு முன்னே விடையைக் கொண்டுவந்து நின்றான் என்பது வாழ்க்கை வரலாற்றில் வழங்கும் செய்தி. நாயக்கருக்கு அன்று முதல் அச்சிறுவன்மேல் கண் விழுந்தது. இவன் கணக்கு எழுதிக் காலம் கழிக்கப் பிறந்தவன் அல்லன் என்று தெளிந்தார். நாகப்பட்டினத்துப் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிக்க வைத்தார். பிறகு ஸர் ஹென்ரி மான்ட்கோமரிக்குப் பரிந்துரைக் கடிதமும் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். வேற்றுக் குலத்துப் பிள்ளையைத் தம் வீட்டுப் பிள்ளைபோல் கருதி வழிகாட்டிய அந்த அதிகாரியின் பெயர், இன்று அவரால் உயர்ந்தவரின் பெயரோடு சேர்ந்தே வாழ்கின்றது. தர்மம் செய்வோர் பயனை எதிர்நோக்கிச் செய்வதில்லை; ஆயினும் பயன் வந்து சேராமற் போவதும் இல்லை.

சென்னை ஹைஸ்கூலில் அக்காலத்தில் தலைமை வகித்தவர் ஈ. பி. பவல் என்னும் ஆங்கிலேயர். 1855-ல் அப்பள்ளி மாநிலக் கல்லூரியாக மலர்ந்தபோது அதன் முதல் பிரின்ஸிபாலாக விளங்கியவரும் அவரே. மாணாக்கரைத் தரம் அறிந்து வளர்க்கும் ஆற்றல் அவரிடம் இருந்தது. முத்துஸ்வாமியின் தரத்தை அவர் விரைவில் அறிந்தார். இரவில் விளக்குக்கு எண்ணெய் வாங்க வசதியின்றித் தெரு விளக்கின் கீழ் அமர்ந்து படித்தவர் என்று முத்துஸ்வாமி ஐயரைப் பற்றி வழிவழியாகச் சொல்லி வருவர். 1854-ஆம் ஆண்டில் சென்னை மாகாணம் முழுமைக்கும் பொதுவான ஆங்கிலக் கட்டுரைப் போட்டி ஒன்று நடந்தது. அதற்குரிய பரிசான 500 ரூபாய் அவருக்கே கிடைத்தது. மாதம் 1 ரூபாய்ச் சம்பளத்தில் அத்தொகையை ஈட்ட அவருக்கு 41 ஆண்டும் 8 மாதமும் ஆகியிருக்கும்! அக்காலத்தில் கல்வி ஒரு மனிதனை எவ்வளவு தூரம் கொண்டு சென்றது என்பதற்கு இக்கணக்கு ஒன்றே போதும்.

பின்னர் மாதம் 60 ரூபாய்ச் சம்பளத்தில் ஆசிரியர் வேலை. தஞ்சைக் கலெக்டர் கச்சேரியில் ரிகார்டுகளைக் காக்கும் உத்தியோகம். அப்பால் பள்ளிகளின் டிப்டி இன்ஸ்பெக்டர் பதவி. வக்கீல்களுக்கான பரீட்சையைச் சர்க்கார் ஏற்படுத்தியபோது அதில் முதன்மையாகத் தேறினார். உடனே தரங்கம்பாடியில் முன்சீப் பதவி கிடைத்தது. டேனிஷ்காரர் வசமிருந்த தரங்கம்பாடியை ஆங்கிலேயர் 1845-ல் விலைக்கு வாங்கிப் பத்தாண்டு அளவே ஆகியிருந்தது. அமிர்தகடேசர் அருள்புரியும் திருக்கடையூருக்கு அணித்தான அக்கடற்கரை ஊரில், மீனவர், மிராசுதாரர், வணிகர் ஆகிய பலரின் வழக்குகளை இளம் முன்சீப் விசாரித்தார். அவருடைய தீர்ப்புகளைப் படித்துப் பாராட்டிய மேலதிகாரிகளுள் பின்னர் ஹைகோர்ட்டு ஜட்ஜாக விளங்கிய ஹாலோவே குறிப்பிடத்தக்கவர்.

1859-ல் தஞ்சையில் டிப்டி கலெக்டர். 1865-ல் தென் கன்னட ஜில்லாவில் ஸப் ஜட்ஜ். மங்களூரில் கழிந்த அந்த மூன்று ஆண்டுகள் அவருடைய பிற்கால வாழ்வுக்கு ஒரு விதை போன்றவை. அந்நாட்டில் பல குலத்தாரிடையே அளியசந்தான முறை வழங்கி வந்தது. தந்தையின் சொத்து மகனுக்குச் செல்லாது. சகோதரியின் மக்களுக்கே உரியது. மகன்வழி உரிமையே இயல்பு என்று எண்ணி வளர்ந்த தஞ்சாவூர்க்காரருக்கு இது புது உலகம். இதனை விநோதம் என்று ஒதுக்காமல், அம்மக்களின் குடும்ப வாழ்வுக்கு இதுவே அடித்தளம் என்று உணர்ந்து ஆராய்ந்தார். தமக்குப் பழகியது ஒன்றே தர்மம் என்று கருதுவோர் நியாயாசனத்தில் அமரத் தகுதியற்றவர். அவர் அவ்வாறு கருதவில்லை.

1868-ல் சென்னைப் பட்டணத்துப் போலீஸ் மாஜிஸ்டிரேட்டாக வந்தார். அவருடைய மனவலிமையை நாடறியச் செய்த வழக்கு இப்பதவியிலேதான் நேர்ந்தது.

ஹைகோர்ட்டு ஜட்ஜாக இருந்த ஓர் ஆங்கிலேயர், தம் பங்களாவின் எல்லைக்குள் நுழைந்த இந்தியன் ஒருவனை அடித்துவிட்டார். அடிபட்டவன் போலீஸ் கோர்ட்டில் முறையிட்டான். அக்காலத்தின் நிலைமையை அறிந்தால்தான் அம்முறையீட்டின் கனம் விளங்கும். 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சி முடிந்து அப்போது பத்தாண்டுக்குச் சற்று அதிகமே ஆகியிருந்தது. ஆளும் இனத்தவர் ஒருவரை, அதிலும் மாகாணத்தின் தலைமை நீதிமன்றத்தில் அமரும் ஒருவரை, ஒரு சுதேச மாஜிஸ்டிரேட்டின் முன்னே குற்றவாளியாக நிறுத்துவது நினைக்கவும் அஞ்சத்தக்க செயல். முத்துஸ்வாமி ஐயர் அஞ்சவில்லை. ஜட்ஜுக்குச் சம்மன் பிறப்பித்தார். அவர் நேரில் வரவேண்டியதில்லை என்று விலக்கு அளித்துவிடலாமே என்று தலைமை மாஜிஸ்டிரேட்டே யோசனை கூறினார். மேலதிகாரியின் யோசனை என்பது பல சமயங்களில் கட்டளைக்குச் சமம். ஐயர் அதனை ஏற்கவில்லை. மற்றக் குற்றவாளிகளுக்கு இல்லாத விலக்கு இவருக்கு ஏன்? ஜட்ஜ் நேரில் வந்தார், விசாரணை நடந்தது, 3 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது.

அந்த 3 ரூபாய் ஜட்ஜுக்கு ஒரு பொருட்டே அன்று. அது கிராமக் கணக்கரின் உதவியாளாக இருந்த சிறுவன் 3 மாதம் உழைத்து ஈட்டிய தொகை. அபராதம் பெரிதாக இல்லையே என்று சிலர் முணுமுணுத்திருக்கலாம். குற்றத்தின் அளவுக்கு ஏற்ற தண்டனையை, குற்றவாளியின் பதவியை நோக்கிக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை என்பதே அத்தீர்ப்பின் சிறப்பு. பெரிய மனிதரைத் தண்டித்துப் பெயர் வாங்க விரும்பும் மாஜிஸ்டிரேட் 300 ரூபாய் விதித்திருப்பார். அவரோ சட்டத்தை மட்டுமே நோக்கினார். கல் தேர் நின்ற ஊரில் வளர்ந்தவர் அல்லரோ!

மாஜிஸ்டிரேட் வேலையின் நடுவே சட்டக் கல்வியையும் முறையாகப் பயின்று பி.எல். பட்டம் பெற்றார். தம்மினும் இளையோரோடு பெஞ்சியில் அமர்ந்து பாடம் கேட்பதில் அவருக்குக் கூச்சம் இருந்ததில்லை. ஸம்ஸ்கிருதத்தையும் ஆழ்ந்து கற்று, தர்மசாஸ்திர நூல்களை மூலத்திலேயே ஆராயும் திறமை பெற்றார். 1871-ல் ஸ்மால் காஸ் கோர்ட்டு ஜட்ஜ் ஆனார். சில்லறைக் கடன் வழக்குகளைத் தீர்க்கும் கோர்ட்டுத்தான். ஆயினும் அதில் ஓர் உட்பொருள் இருந்தது. 1861-ஆம் ஆண்டின் ஹைகோர்ட்டுச் சட்டப்படி, ஸ்மால் காஸ் கோர்ட்டு ஜட்ஜாக ஐந்தாண்டு பணியாற்றியவர் ஹைகோர்ட்டு ஜட்ஜாகத் தகுதி பெறுவார். பாரிஸ்டராக இங்கிலாந்து செல்லாதவருக்கும், சிவில் சர்வீஸில் சேராதவருக்கும் திறந்திருந்த ஒடுங்கிய வாயில்களுள் அது ஒன்று.

சென்னை ஹைகோர்ட்டு 1862-ல் ஏற்பட்டது. கல்கத்தா ஹைகோர்ட்டில் 1863-லேயே சம்புநாத் பண்டிட் ஜட்ஜாக அமர்ந்தார். சென்னையிலோ பதினாறு ஆண்டுகள் வரையில் எந்த இந்தியருக்கும் அவ்விடம் கிட்டவில்லை. 1878-ல் முத்துஸ்வாமி ஐயர் நியமிக்கப்பட்டார். உடனே பட்டணத்து ஆங்கிலேயர் பத்திரிகைகள் கொதித்தெழுந்தன. சுதேசி ஒருவர் அந்த ஆசனத்துக்கு ஏற்றவர் அல்லர் என்று எழுதின. மறுமொழி கூற இந்தியர் கையில் அப்போது ஆங்கிலப் பத்திரிகை இல்லை. திருவல்லிக்கேணியைச் சார்ந்த ஆறு இளைஞர்கள் ஒன்றுகூடினர். ஜி. சுப்பிரமணிய ஐயர், எம். வீரராகவாச்சாரியார் முதலானோர் அவ்வறுவர். ஒன்றேமுக்கால் ரூபாய் கடன் வாங்கி, 80 பிரதிகள் அச்சிட்டு, 1878 செப்டம்பர் 20-ஆம் நாள் 'ஹிந்து' என்னும் வாரப் பத்திரிகையை வெளியிட்டனர். ஒரு திருவாரூர்க்காரரின் நியமனத்தை ஒட்டி எழுந்த கூக்குரலே அப்பத்திரிகையின் பிறப்புக்குக் காரணமாயிற்று. முத்துஸ்வாமி ஐயரோ இந்தக் கூக்குரலுக்கு வாய் திறந்து விடை கூறவில்லை. நியாயாசனத்தில் அமர்ந்து பதினாறு ஆண்டுகளுக்கு மேலாகத் தீர்ப்புகளாலேயே விடை கூறினார்.

கோயில் அன்பர்கள் அவரை நினைவுகூர்வதற்குத் தனிக்காரணம் ஒன்று உண்டு. 1817-ஆம் ஆண்டின் ஏழாவது ரெகுலேஷன்படி தேவஸ்தானங்களும் தர்ம ஸ்தாபனங்களும் ரெவின்யூ போர்டின் மேற்பார்வையில் இருந்தன. கிறிஸ்தவ அரசு இந்துக் கோயில்களை நடத்துவதா என்று சீமையில் எதிர்ப்பு எழவே, சர்க்கார் படிப்படியாகக் கையை விடுவித்துக் கொண்டது. 1863-ஆம் ஆண்டின் இருபதாவது சட்டம் அதனை முடித்து வைத்தது. கோயில்கள் தர்மகர்த்தாக்களிடமும், ஆயுட்கால அங்கத்தினர் கொண்ட கமிட்டிகளிடமும் ஒப்படைக்கப்பட்டன. தவறு நேர்ந்தால் யார் கேட்பது? கோயிலில் அக்கறையுள்ள எவரும் கோர்ட்டில் வழக்குத் தொடரலாம் என்று அச்சட்டம் கூறிற்று. ஆகவே 1863 தொடங்கி, 1925-ல் இந்து சமய அறநிலையச் சட்டம் முதன்முதல் இயற்றப்படும் வரையில், நம் கோயில்களுக்கும் மடங்களுக்கும் நீதிமன்றமே காவல். முத்துஸ்வாமி ஐயர் ஹைகோர்ட்டில் அமர்ந்த 1878 முதல் 1895 வரையிலான காலம் அக்காவலின் நடுப்பகுதி.

அன்று ஜட்ஜுகளை மயக்கிய கேள்வி இது: மடத்தின் சொத்து யாருடையது? மடாதிபதி அதனை விற்கிறார், அடகு வைக்கிறார், கடன் வாங்குகிறார். அவர் மறைந்த பின் கடன்காரர் வந்து மடத்தின் நிலத்தையே ஏலத்துக்குக் கொண்டுவருகிறார். ஆங்கிலச் சட்டத்தில் டிரஸ்டி உண்டு. தனி உடைமையாளர் உண்டு. மடாதிபதி என்னும் குருமூர்த்திக்கு அச்சட்டத்தில் நேரான பெயர் இல்லை. 1879-ஆம் ஆண்டின் ஒரு வழக்கில், தலைமை நீதிபதி டர்னரும் முத்துஸ்வாமி ஐயரும் அமர்ந்த அமர்வு இதனை ஆராய்ந்தது. சம்மந்த பண்டாரத்துக்கும் செல்லப்ப செட்டியாருக்கும் நடந்த அவ்வழக்கின் தீர்ப்பில், மடம் என்பது எவ்வாறு தோன்றுகிறது என்பதே முதலில் விளக்கப்பட்டது. சமய ஞானம் மிக்க ஆசான் ஒருவரைச் சுற்றிச் சீடர்கள் கூடுகின்றனர். பக்தர்கள் பொருள் அளிக்கின்றனர். ஆசான் தம் சீடருள் ஒருவரை வாரிசாக நியமிக்கிறார். அப்பொருள் அந்தப் பீடத்தைச் சார்ந்தது. பீடத்தில் அமராத எவருக்கும் அது பரம்பரையாகச் செல்லாது. நிர்வாகத்தில் மடாதிபதிக்கு விரிந்த சுதந்திரம் உண்டு. ஆனால் ஸ்தாபனத்தின் நோக்கத்துக்குப் புறம்பானதற்கு அதனைச் செலவிட அவருக்கு உரிமை இல்லை. பின்வந்த தீர்ப்புகள் பலவற்றில் இது எடுத்துக்காட்டப்பட்டது.

இதன் பயனைக் கோயில்களுக்குப் பொருள் வழங்குவோர் எளிதில் உணர்வர். ஒருவர் சுவாமிக்கு நித்திய தீபத்துக்கென்று ஒரு வேலி நிலம் எழுதி வைக்கிறார். அவர் எண்ணத்தில் அந்நிலம் குருக்களுக்கும் அன்று, தர்மகர்த்தாவுக்கும் அன்று, தீபத்துக்கு. அவர் மறைந்து இரு தலைமுறை சென்றபின், கேட்பாரற்ற அந்நிலம் கைமாறிவிட்டால் தீபம் அணையும். கொடுத்தவர் எந்த நோக்கத்துடன் கொடுத்தாரோ அந்த நோக்கமே சொத்தின் உண்மையான எஜமான் என்னும் கொள்கை சட்டத்தில் ஊன்றியதால்தான், எத்தனையோ தானங்கள் பிழைத்தன. முழுவதும் பிழைத்தன என்று சொல்வதற்கில்லை. கோர்ட்டுக்கு வராத வழக்குகளில் அழிந்த மானியங்களுக்குக் கணக்கே இல்லை. அக்குறையை உணர்ந்தே பின்னர் 1925, 1951, 1959 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் வந்தன.

குடும்ப வழக்குகளில் அவருடைய புகழ் இன்னும் பெரிது. பாகம், சுவீகாரம், ஸ்திரீகளின் உரிமை இவற்றில் மிதாக்ஷரம் முதலிய நூல்களின் கருத்தை மூலத்தோடு ஒப்பிட்டு அவர் எழுதிய தீர்ப்புகள், வக்கீல்களுக்குப் பாடநூல் போல் ஆயின. 1891-ல் மலையாள நாட்டுத் திருமண முறையைப் பற்றி விசாரிக்க ஒரு கமிஷன் நியமிக்கப்பட்டபோது, அதன் தலைமை அவருக்கு அளிக்கப்பட்டது. மருமக்கத்தாயத்தைப் பின்பற்றும் குலங்களில் நடக்கும் சம்பந்தம் என்னும் உறவைச் சட்டப்படியான திருமணமாக ஏற்கலாமா என்பதே கேள்வி. 'இந்துலேகா' நாவலை எழுதிய ஓ. சந்து மேனவனும், பின்னர் ஹைகோர்ட்டு ஜட்ஜான சி. சங்கரன் நாயரும் அதில் அங்கத்தினர். அங்கத்தினர் ஒருமனப்படவில்லை. சட்டத்தால் குடும்பங்களின் பழைய கட்டமைப்பைத் திடீரென்று பெயர்ப்பது பற்றித் தலைவருக்கே தயக்கம் இருந்தது. மங்களூரில் அவர் கற்ற பாடம் இங்கே நினைவுக்கு வருகின்றது. விரும்பியோர் தம் சம்பந்தத்தைப் பதிவு செய்துகொள்ளலாம் என்னும் அளவில் 1896-ல் சட்டம் வந்தது. அதனைக் காண அவர் இல்லை.

வேறொரு விஷயத்திலோ அவர் தயங்கவில்லை. 1870-களில் சென்னையில் விதவைகளின் மறுமணத்துக்காக ஒரு சங்கம் ஏற்பட்டபோது, திவான் பகதூர் ஆர். ரகுநாத ராவ் முதலானோருடன் முத்துஸ்வாமி ஐயரும் அதில் முன்னின்றார். வைதிக உலகம் அதனை விரும்பவில்லை. சாஸ்திரம் அறிந்த ஒருவர், ஆசாரத்தை விடாத ஒருவர், இப்படிச் செய்யலாமா என்று வருந்தியோர் அன்று பலர். அவர் நிலையைப் புரிந்துகொள்ள வெகு தூரம் செல்ல வேண்டுவதில்லை. துணையற்ற கைம்பெண் ஒருத்தி, கையில் ஒரு பிள்ளையுடன் ஊர்விட்டு ஊர் வந்து பட்ட பாட்டைக் கண்ணாரக் கண்டு வளர்ந்தவர் அவர். பால்ய விதவைகளின் துயரம் அவருக்கு ஏட்டில் படித்த செய்தி அன்று. தாயிடம் கொண்ட பக்தியும், தர்மசாஸ்திரப் புலமையும், சீர்திருத்த நோக்கமும் அவரிடம் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கவில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்று கிளைத்தது என்று சொல்வதே உண்மைக்கு அணித்தாகும்.

பதவி உயர உயர அவருடைய வாழ்க்கை முறை மாறவில்லை. தலைப்பாகையும், எளிய உடையும், வெறுங்காலும் அவருக்கு இயல்பு. 1878-ல் ஸி.ஐ.இ. பட்டமும், 1893-ல் கே.ஸி.ஐ.இ. பட்டமும் வந்தன, அப்போது முதல் ஸர் முத்துஸ்வாமி ஐயர் ஆனார். 1892 ஜூலையில் ஹைகோர்ட்டு இன்றைய சிவந்த கோபுரக் கட்டடத்துக்கு மாறிற்று. 1893-ல் தலைமை நீதிபதியின் பொறுப்பைச் சில மாதம் தற்காலிகமாக வகித்தார். சென்னை ஹைகோர்ட்டில் அந்த ஆசனத்தில் ஓர் இந்தியர் அமர்ந்தது அதுவே முதல் தடவை. தகுதியற்றவர் என்று 1878-ல் எழுதிய பேனாக்கள் அதற்குள் ஓய்ந்துவிட்டன.

1895-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள் அவர் சிவபதம் அடைந்தார். இன்னும் மூன்று நாள் இருந்திருந்தால் 63 வயது நிறைந்திருக்கும். பதவியில் இருக்கும்போதே பிரிந்தமையால் காலியான ஆசனத்தில் மதுரை எஸ். சுப்பிரமணிய ஐயர் அமர்ந்தார். ஓர் இந்தியர் சென்ற இடத்தில் மற்றோர் இந்தியர் அமர்வதற்கு அப்போது எந்தக் கூக்குரலும் எழவில்லை.

அவர் மறைந்த சில ஆண்டுகளில் அன்பர்கள் பொருள் திரட்டி, வேட் என்னும் ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு பளிங்கில் ஒரு சிலை செய்வித்து, ஹைகோர்ட்டுக் கட்டடத்தினுள் நிறுவினர். நீதிபதியின் அங்கியும் தலைப்பாகையும் அணிந்து அமர்ந்திருக்கும் அச்சிலையின் கால்களில் பாதரட்சை இல்லை. ஆங்கிலச் சிற்பி அதனை உள்ளது உள்ளவாறே வடித்திருக்கிறார். உச்சுவாடியிலிருந்து திருவாரூருக்கும், திருவாரூரிலிருந்து நாகப்பட்டினத்துக்கும், அங்கிருந்து சென்னைக்கும் வந்த அந்த வெறுங்கால்களை, கறுப்பு அங்கி அணிந்து விரைந்து செல்லும் இளம் வக்கீல்கள் இன்றும் கடந்து போகிறார்கள்.